வளைகுடாவின் ராஜாளிகள்: கலப்பினம் பந்தயத்தை வெல்லும், தூய இனத்தைக் காப்பது யார்?

சவுதித் தலைநகர் ரியாத்துக்கு வடக்கே மல்ஹம் என்ற இடத்தில் 2021 ஆகஸ்ட் மாதம் நடந்த ராஜாளி ஏலத்தில், ஒரு வெள்ளைப் பறவை 17 லட்சத்து 50 ஆயிரம் ரியாலுக்கு விலை போனது. மலேசிய மதிப்பில் ஏறக்குறைய 20 லட்சம் ரிங்கிட். அது காட்டில் பிடித்த பறவை அல்ல. அமெரிக்காவில் ஒரு பண்ணையில் பொரித்து வளர்க்கப்பட்டது.

ஒரு பறவைக்கா இவ்வளவு விலை என்று பலரும் வாயைப் பிளந்தனர். ஆனால் ராஜாளி வளர்ப்போரிடையே பல ஆண்டுகளாக நடக்கும் வாக்குவாதம் வேறு. இனம் விட்டு இனம் சேர்த்து வேகமான பறவையை உருவாக்குவதா, ஒவ்வோர் இனத்தையும் அதன் வம்சம் கலையாமல் வளர்ப்பதா என்பதே அது.

மூன்று பறவை, மூன்று குறை

வளைகுடாவில் பெரிதும் விரும்பப்படுபவை மூன்று. வடதுருவத்தை ஒட்டிய குளிர்நாடுகளில் வாழும் கிர் ராஜாளி, இந்தக் குடும்பத்திலேயே மிகப் பெரியது, பலம் அதிகம். மத்திய ஆசியப் புல்வெளிகளின் சாக்கர், பாலைவன வேட்டைக்கு அரபிகள் தலைமுறை தலைமுறையாக நம்பிய பறவை. மூன்றாவது பெரகிரின், அரபிகள் ஷாஹீன் என்பார்கள். இரையைக் கண்டு செங்குத்தாகப் பாயும்போது மணிக்கு 300 கிலோமீட்டரைத் தாண்டும்.

மூன்றிலும் ஒரு குறை உண்டு. கிர் ராஜாளிக்கு வெயில் ஆகாது. பூஞ்சையால் வரும் நுரையீரல் நோய் அதை எளிதில் வீழ்த்திவிடும். சாக்கர் எதையும் தாங்கும், ஆனால் கிர்ரின் உருவமும் பலமும் அதற்கு இல்லை. பெரகிரின் வேகமானது, உருவத்தில் சிறியது. ஒன்றின் குறையை மற்றொன்றால் நிரப்பும் ஆசையில்தான் கலப்பினம் பிறந்தது.

முதல் கலப்பு தற்செயலாகவே நடந்தது. 1971ஆம் ஆண்டில் அயர்லாந்தில் ரொனால்ட் ஸ்டீவன்ஸ், ஜான் மோரிஸ் என்ற இரு வளர்ப்பாளர்கள் ஒரே கூண்டில் வைத்திருந்த சாக்கரும் பெரகிரினும் இணைந்து குஞ்சு பொரித்தன. அதன் பிறகு செயற்கை முறை வந்தது. குஞ்சிலிருந்தே மனிதன் கையில் வளரும் ஆண் பறவை, மனிதனையே தன் துணையாக நினைத்துக்கொள்ளும். வளர்ப்பாளர் அணியும் ஒரு விசேஷத் தொப்பியின் மீது வந்து அமர்ந்து இணையும். தொப்பியில் சேரும் விந்தை எடுத்து வேறு இனப் பெட்டைக்குச் செலுத்துகிறார்கள். கேட்டால் சிரிப்பு வரும். கலப்பினத் தொழிலை வளர்த்துவிட்டதில் அந்தத் தொப்பிக்குப் பெரும் பங்கு உண்டு.

இன்று அமீரகத்திலும் சவுதியிலும் நடக்கும் 400 மீட்டர் பந்தயங்களில் தூய கிர்ருக்குத் தனிப் பிரிவு, கிர்-சாக்கர், கிர்-பெரகிரின் கலப்பினங்களுக்குத் தனிப் பிரிவு என்று பிரித்தே பறக்க விடுகிறார்கள்.

கலப்பினத்தால் வந்த நன்மை

கலப்பினத்தை ஒரேயடியாகப் பழிப்பது நியாயமில்லை. முன்பு பாலைவன மக்கள், இலையுதிர்காலத்தில் வலசை வரும் பறவையைப் பிடித்து, குளிர்காலம் முழுக்க வேட்டையாடி, வெயில் ஏறும்போது பறக்கவிட்டு விடுவார்கள். எண்ணெய்ப் பணம் வந்தபின் தேவை பெருகியது. காட்டுச் சாக்கர் பிடிபடுவதும் பெருகியது. 2012ஆம் ஆண்டில் அனைத்துலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் சாக்கரை அழியும் அபாயத்தில் உள்ள இனமாக அறிவித்தது. கண்ணி மட்டுமே காரணமல்ல. மங்கோலியாவில் மின்கம்பிகளில் அடிபட்டே ஏராளமான சாக்கர்கள் சாகின்றன.

இந்த நிலையில், பண்ணையில் பிறந்த பறவை வேட்டைக்கும் பந்தயத்துக்கும் போதும் என்றானது காட்டுப் பறவைக்கு நிம்மதி. அமீரகம் 2002ஆம் ஆண்டில் ராஜாளிகளுக்குக் கடப்பிதழ் முறையைக் கொண்டுவந்து, எந்தப் பறவை எங்கிருந்து வந்தது என்று கணக்கு வைத்தது. 1995இல் தொடங்கிய ஷேக் சாயிட் ராஜாளி விடுவிப்புத் திட்டம், சாக்கரையும் பெரகிரினையும் மீண்டும் காட்டில் விட்டு வருகிறது.

சிக்கல் எங்கே?

வளர்ப்புப் பறவை தப்பிப் போவது அன்றாடம் நடப்பது. கிர்ரும் சாக்கரும் நெருங்கிய சொந்தங்கள் என்பதால் அவற்றின் கலப்புக் குஞ்சுகளும் இனவிருத்தி செய்யும். தப்பிய கலப்பினங்கள் காட்டுப் பறவைகளோடு இணைந்து கூடு கட்டியது ஐரோப்பாவில் பதிவாகியிருக்கிறது. எண்ணிக்கை குறைந்துபோன சாக்கர் கூட்டத்தில் அந்நிய இரத்தம் கலந்தால், பிறகு அதைப் பிரித்தெடுக்க வழியே இல்லை. இதற்குப் பயந்துதான் ஜெர்மனி 2005ஆம் ஆண்டில் கலப்பின வளர்ப்புக்குத் தடை விதித்தது. ஏற்கெனவே தொழிலில் இருந்தவர்களுக்கு 2014 இறுதி வரை மட்டும் அவகாசம் தந்தது.

தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு இன்னொரு சிக்கல் எளிதாகப் புரியும். இன்று தோட்டங்களில் நிற்கும் செம்பனை டெனரா வகை. தடித்த ஓடுள்ள டூராவையும் ஓடே இல்லாத பிசிபெராவையும் சேர்த்துப் பெற்றது. டெனரா மரங்களையே ஒன்றோடொன்று சேர்த்து, அந்தக் கொட்டையை முளைக்க வைத்தால் பாதிதான் டெனராவாக வரும். மிச்சம் டூராவும் பிசிபெராவுமாகப் பிரிந்துவிடும். அதனால் விதை உற்பத்தி நிலையங்கள் டூராவையும் பிசிபெராவையும் தனித்தனியே காத்து வருகின்றன. தாய் மரம் போனால் நாற்றும் போனது.

டூராவும் பிசிபெராவும் ஒரே இனத்தின் இரு வகைகள். கிர்ரும் சாக்கரும் இரண்டு தனி இனங்கள். ஆனால் பாடம் ஒன்றுதான். முதல் தலைமுறைக் கலப்பினம் திடமாக இருக்கும். அதைக் கொண்டு அடுத்த தலைமுறையை எடுத்தால் குஞ்சுக்குக் குஞ்சு மாறும். அதனால் கலப்பினம் வேண்டும் என்கிறவருக்கும் தூய கிர் வேண்டும், தூய சாக்கர் வேண்டும். பெட்டை கிர் ஓர் ஈட்டுக்கு மூன்று நான்கு முட்டைதான் இடும். அத்தனையும் கலப்புக் குஞ்சானால், தூய வம்சத்தை யார் தொடர்வது? அடுத்த ஏலத்தை நினைக்கும் பண்ணைக்கு அந்தக் கவலை வருவதில்லை.

மூன்றாவது, பெயர் மாறாட்டம். முக்கால் பங்கு, முக்காலே அரைக்கால் பங்கு கிர் இரத்தம் உள்ள கலப்பினத்தைக் கண்ணால் பார்த்துத் தூயதா இல்லையா என்று சொல்வது கடினம். அது தூய கிர் என்ற பெயரில் விற்கப்பட்டால் வாங்குபவர் ஏமாறுவார். அதையே தாய்ப் பறவையாக வைத்தால் வம்சமே ஏமாறும்.

தூய்மை என்பது எது வரை?

தூய இனம் பேசுவோரும் பதில் சொல்ல வேண்டிய இடம் உண்டு. டிடிடி பூச்சிமருந்தால் அமெரிக்காவின் கிழக்குப் பகுதியில் பெரகிரின் அடியோடு அழிந்தது. டாம் கேட் 1970இல் தொடங்கிய பெரகிரின் ஃபண்ட் அமைப்பு, கூண்டில் பொரித்த ஆயிரக்கணக்கான குஞ்சுகளைப் பறக்கவிட்டது. அந்த வட்டாரத்துப் பறவை மிஞ்சாததால், ஐரோப்பா, தென் அமெரிக்கா உள்பட பல இடத்துப் பெரகிரின்களைச் சேர்த்தே வளர்த்தார்கள். 1999இல் பெரகிரின் அமெரிக்காவின் அபாயப் பட்டியலிலிருந்து நீங்கியது. ஊர் கலந்தது, இனம் கலக்கவில்லை. வட்டாரத் தூய்மையைப் பிடிவாதமாகப் பிடித்திருந்தால் அங்கே இன்று பறவையே இருந்திருக்காது.

ஆகவே கலப்பினமா தூய இனமா என்று ஒன்றைத் தேர்ந்தெடுப்பது தீர்வாகாது. பந்தயத்துக்கும் வேட்டைக்கும் கலப்பினம் பறக்கட்டும். ஆனால் ஒவ்வொன்றின் காலிலும் வளையமும், முதுகிலோ வாலிலோ இருப்பிடம் காட்டும் கருவியும் இருக்க வேண்டும். தூயது என்று விற்கப்படும் பறவைக்கு மரபணுச் சான்று வேண்டும். காட்டில் விடப்படுவதில் ஒரு துளி கலப்பும் கூடாது. ஏலத்தில் புரளும் பணத்தில் ஒரு பங்கு, தூய வம்சங்களைக் காக்கப் போக வேண்டும்.

400 மீட்டர் பந்தயம் அரை நிமிடத்துக்குள் முடிந்துவிடும். ஒரு சாக்கர் இனம் உருவாக இயற்கைக்குப் பல்லாயிரம் ஆண்டுகள் பிடித்தன. கலப்பினத்தை எப்போது வேண்டுமானாலும் மீண்டும் உருவாக்கலாம், தாய் இனங்கள் இருக்கும் வரை.