பேனாப் பெட்டி நிறைந்தால் போதுமா?



கேரளத்தில் ஹரித கேரளம் மிஷனின் ‘பென் ஃப்ரெண்ட்’ திட்டப்படி பள்ளிகளில் பெட்டி வைத்து, எழுதித் தீர்ந்த பேனாக்களைச் சேகரித்து மறுசுழற்சிக்கு அனுப்புகிறார்கள். நல்ல காரியம்தான். ஆனால் பெட்டி சீக்கிரம் நிறைவதைச் சாதனையாகக் கொண்டாடுவதில் எனக்கு உடன்பாடில்லை. நிறைந்த பெட்டி என்றால், அத்தனை பேனாவைத் தூக்கி எறிந்திருக்கிறோம் என்றுதானே பொருள்?

ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பொருட்கள் பலவற்றுக்கு இங்கே 2020 ஜனவரி முதல் தடை உண்டு. பால்பாயிண்ட் பேனா அதில் சேரவில்லை. உடல் ஒரு பிளாஸ்டிக், முனை உலோகம், உள்ளே மிச்ச மை. பிரித்தெடுப்பது லேசான வேலையல்ல. மை ஊற்றி எழுதும் பேனாவுக்கு இந்தத் தொல்லையே கிடையாது. சட்டைப் பை கறைபடும் என்று அம்மாக்கள் முணுமுணுப்பார்கள், படட்டுமே!

பொன்முடி அடிவாரத்தில் இருக்கிறது எங்கள் வித்துரா. இங்கே எறிவது மழையில் கல்லாற்றில் இறங்கி வாமனபுரம் ஆற்றுக்குப் போய்விடும். குப்பையை அடுத்த ஊருக்குத் தள்ளினால் என்ன ஆகும் என்பதை இதே மாவட்டத்து விளப்பில்சாலை காட்டிவிட்டது. அங்கே திருவனந்தபுரம் நகரக் குப்பையைச் சுமந்த ஆலை, ஊர்மக்களின் போராட்டத்தால் 2011 டிசம்பரில் மூடப்பட்டது.

வரும் ஜூனில் பள்ளி திறக்கும்போது பெற்றோர் ஆசிரியர் சங்கங்கள் ஒன்று செய்யலாம்: பள்ளிக் கூட்டுறவுக் கடையில் மைப்பேனாவும் ரீஃபில்லும் மட்டும் விற்கட்டும். வகுப்புக்கொரு மைப்புட்டியைச் சங்கமே வாங்கித் தரட்டும்.

– ஒரு வாசகர், வித்துரா