பேண்டு செட்டுக்கு யார் லேபிள் ஒட்டுவது?

போன மார்கழியில் சென்னையில் ஏசி போட்ட ஓர் அரங்கில், ஊர் ஊராகப் போய் வாசிக்கிற ஒரு குழுவைக் கேட்டேன். ஜாஸ், ஸ்விங், கொஞ்சம் லத்தீன், கொஞ்சம் கல்யாணி. மொத்தத்துக்கும் 'வேர்ல்டு மியூசிக்' என்று அச்சடித்திருந்தார்கள். வாசிப்பு மோசமில்லை, டிரம்பெட்காரருக்கு நல்ல மூச்சு. என் சண்டை அவர்களோடு இல்லை. இடைவேளையில் காபி டம்ளரோடு நின்று, "இப்படிக் கலந்து வாசிக்க நம்மகிட்ட ஆளே இல்லையே" என்று வருத்தப்பட்டவர்களோடுதான். அதில் இரண்டு பேர் இசையைப் பற்றி எழுதுகிறவர்கள்.

நான் ஆரணிக்காரன். வாயை மூடிக்கொண்டு வந்துவிட்டேன், அதனால் இப்போது எழுதுகிறேன்.

எங்கள் ஊர்ப் பக்கம் மாப்பிள்ளை அழைப்புக்கு பேண்டு செட் வரும். சிவப்புக் கோட்டு, தோளில் ஜரிகைப் பட்டை, காலில் ரப்பர் செருப்பு. டிரம்பெட், கிளாரினெட், சாக்ஸபோன், யூபோனியம், சைட் டிரம், பெரிய டிரம். 1964இல் விஸ்வநாதன் - ராமமூர்த்தி 'காதலிக்க நேரமில்லை'க்கும் 'புதிய பறவை'க்கும் போட்ட பாட்டுகளில் மேற்கத்திய நடனக் கூடமே குடியிருந்தது. அதைக் காதால் கேட்டே பிடித்து, நடக்கிற காலுக்கு ஏற்றபடி தாளத்தைத் தளர்த்தி, நடுவில் அம்மன் கோயில் பம்பை அடியையும் நுழைத்தவர்கள் இவர்கள். இதற்குப் பெயர் கலப்பு இல்லையா?

"அதுல இம்ப்ரோவைசேஷன் எங்கே?" என்பார்கள். முக்கூட்டு ரோட்டில் ஆயிரம் வாலா வெடித்து முடிகிற வரைக்கும் ஊர்வலம் நகராது. இரண்டு வரிப் பல்லவியை வைத்துக்கொண்டு பத்து நிமிஷம் கிளாரினெட்காரர் என்ன செய்கிறார் என்று நின்று கேட்டதுண்டா? சுருதி விலகும், ஒத்துக்கொள்கிறேன். கை மாறிக் கை மாறி வந்த பழைய கருவி, பக்கத்தில் ஜெனரேட்டர், வெயில். உங்கள் டிரம்பெட்காரரையும் மூணு கிலோமீட்டர் நடக்கவிட்டுப் பார்க்கலாம்.

ஜாஸ் மட்டும் எங்கே பிறந்தது? நியூ ஆர்லியன்ஸில் தெருவில் நடந்து வாசித்த பித்தளை வாத்தியக் குழுக்கள் அதன் வேர்களில் முக்கியமானவை. சாவு ஊர்வலத்தில் போகும்போது மெதுவாக, புதைத்துவிட்டுத் திரும்பும்போது துள்ளலாக. கருப்பின மக்களின் அந்தத் தெருவாசிப்பைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதுவோம். நம் தெருவில் சாவுக்கும் வாசிக்கிறவர் தலித் என்றால், கல்யாண வீட்டில் அவருக்குக் கடைசிப் பந்தி. இசை காதில் விழாமல் போவதற்கு இதைவிட வேறு காரணம் தேட வேண்டாம்.

கத்ரி கோபால்நாத்தை எல்லோரும் கொண்டாடினோம், சரிதான். அவர் 1980இல் பம்பாய் ஜாஸ் யாத்ராவில் ஜான் ஹேண்டியோடு வாசித்தவர். ஆனால் சிறுவயதில் சாக்ஸபோன் மீது அவருக்கு ஆசை வந்தது மைசூர் அரண்மனை பேண்டில் அதைக் கேட்டு. அதுவும் ஒரு பேண்டு செட்தான், சோறு போட்டது மகாராஜா என்பதுதான் வித்தியாசம்.

'வேர்ல்டு மியூசிக்' என்ற பெயரே 1987இல் லண்டனில் ஒரு மதுக்கடையில் ரெக்கார்டு கம்பெனிக்காரர்கள் கூடிப் பேசி முடிவு செய்தது. கடையில் எந்த அலமாரியில் வைப்பது என்று தெரியாத சரக்குக்கு ஒரு லேபிள், அவ்வளவுதான். 2020இல் கிராமிக்காரர்களே அந்தப் பெயரில் காலனி வாடை அடிக்கிறது என்று 'குளோபல்' என மாற்றினார்கள். 2024இல் சக்தி குழு விருது வாங்கியது அந்தப் பிரிவில்தான். நாம்தான் பழைய லேபிளை இன்னும் பயபக்தியோடு ஒட்டிக்கொண்டிருக்கிறோம்.

லேபிள் விஷயம் ஆரணிக்காரனுக்கு நன்றாகத் தெரியும். இங்கே தறியில் நெய்த பட்டு எத்தனையோ கடைகளில் காஞ்சிபுரம் என்று விலை போகிறது. நெய்தவன் கூலி மாறுவதில்லை. தறிக்காரர்கள் 'கோர்வை' என்று ஒன்று சொல்வார்கள்: உடல் ஒரு நிறம், கரை ஒரு நிறம், ஒவ்வொரு ஊடையிலும் இரண்டையும் கோத்துக்கொண்டே போக வேண்டும். நெய்து முடித்த துணியில் கரையைத் தைத்து ஒட்டினால் அது கோர்வை இல்லை. நான் கேட்ட கச்சேரியில் நாலு நிமிஷம் ஸ்விங், பிறகு நாலு நிமிஷம் கல்யாணி என்று வந்தது. தையல் தெரிந்தது. பேண்டு செட்டில் தெரியாது.

ஊருக்கு வந்ததும் எனக்குத் தெரிந்த கிளாரினெட்காரரிடம் இதையெல்லாம் சொன்னேன். மார்கழியில் முகூர்த்தம் இல்லை. சபாக்கள் நிரம்பி வழிகிற மாதம் அவருக்கு வேலையில்லாத மாதம். அரிசி மில்லில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்தார். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "இன்னா தம்பி, அங்க உக்காந்துகினே வாசிக்கிறாங்களா?" என்றார்.

அடுத்த மார்கழிக்கு ஃப்யூஷன் நிகழ்ச்சி திட்டமிடுகிற சபாக்காரர்களுக்குச் சொல்கிறேன். ஆரணி, செய்யாறு, போளூர், எந்தப் பக்கம் வேண்டுமானாலும் வாருங்கள், கூட்டிப் போகிறேன். வெளிநாட்டு டிரம்ஸ்காரருக்குக் கொடுக்கிற அதே பணம், வண்டிச் சத்தம் தனி. ஆளுக்கொரு மைக், ஆளுக்கொரு நாற்காலி. பெயரை நோட்டீஸில் போடுங்கள், 'குழுவினர்' என்று முடிக்காதீர்கள். கேன்டீனில் முதல் பந்தி.