களைகளைக் கூட்டி வந்தது யார்?



வயலிலும் தெருவோரத்திலும் யாரும் விதைக்காமல் முளைக்கும் செடியைக் களை என்கிறோம். 'தானாக வந்த சனியன்' என்று திட்டிக்கொண்டே பிடுங்கிப் போடுகிறோம். எந்தக் களையும் தானாக வருவதில்லை. அதன் விதையை யாராவது சுமந்து வர வேண்டும். வந்த இடமும் அதற்கு ஒத்துப்போக வேண்டும்.

இயற்கையே சுமப்பது உண்டு. எருக்கங்காய் வெடித்தால் பஞ்சு கட்டிய விதைகள் காற்றில் பறக்கின்றன. நாயுருவி விதை ஆட்டு மயிரிலும், உங்கள் பாவாடையிலும் ஒட்டிக்கொண்டு ஊர் சுற்றுகிறது. உண்ணிப் பழம் தின்ற பறவை, வேறிடத்தில் எச்சமிட்டு விதைக்கிறது. பிறகு மண்ணும் நீரும் முடிவு செய்கின்றன. ஈர வயலில் கோரை செழிக்கிறது. காய்ந்த தரையில் நெருஞ்சி படர்கிறது.

ஆனால், இன்று நம்மைப் பாடாய்ப் படுத்தும் களைகள் பலவற்றைக் கடல் கடந்து கொண்டு வந்தவன் மனிதன்தான்! உண்ணிச்செடியும், தென் அமெரிக்காவின் ஆகாயத்தாமரையும் பூவின் அழகுக்காக வந்தவை. சீமைக் கருவேலம் விறகுக்காக வந்தது. ஆடு, மாடுகள் அதன் நெற்றைத் தின்று, சாணத்தோடு விதையைப் பரப்பின. பார்த்தீனியத்தை யாரும் விரும்பி அழைக்கவில்லை. வெளிநாட்டுத் தானியத்தோடு கலந்து வந்ததாகக் கருதப்படும் அது, 1955ல் புனேயில் கண்டறியப்பட்டது. பிறகு வண்டிச் சக்கரத்துச் சேற்றிலும், ஓடும் நீரிலும் பயணம் செய்து நாடெங்கும் பரவிவிட்டது. ஒரே செடி 15,000 விதைகளுக்கு மேல் தரும் என்றால் கேட்க வேண்டுமா?

அதற்கு இடம் கொடுத்தவர்களும் நாம்தான். சாக்கடையை ஏரியில் விட்டோம். அந்த உரச்சத்தை உண்டு ஆகாயத்தாமரை இரண்டே வாரத்தில் இரு மடங்காகிறது. மனைகளைச் சுரண்டி வெறும் தரையாகப் போட்டோம். அங்கே பார்த்தீனியம் குடியேறியது.

இந்நிலையில், ஆண்டுக்கு ஒருநாள் மாணவர்களை அழைத்துச் சென்று பார்த்தீனியத்தைப் பிடுங்கச் சொல்லி, படம் எடுத்துக்கொள்வது போதும் என்று எனக்குத் தோன்றவில்லை. அதிலும் வெறுங்கையால் பிடுங்க வைப்பது தவறு. அந்தச் செடி தோலில் அரிப்பையும், சிலருக்கு மூச்சுத்திணறலையும் தரும். அப்படிப் பிடுங்கினாலும், மண்ணில் கிடக்கும் விதை அடுத்த மழைக்கு முளைத்துவிடும்.

அதனால், பூக்கும் முன்பே பெரியவர்கள் கையுறை அணிந்து வேரோடு பிடுங்க வேண்டும். பிடுங்கிய இடத்தைச் சும்மா விடாமல் ஆவாரை, தகரை போன்றவற்றை விதைக்க வேண்டும். அவை நெருங்கி வளர்ந்தால் பார்த்தீனியத்துக்கு இடம் கிடைக்காது.

உங்களுக்கும் வேலை உண்டு. மீன் தொட்டியில் வளர்த்த செடியைக் குளத்திலோ, கால்வாயிலோ வீசாதீர்கள். களை மண்டிய இடத்தில் நடந்துவிட்டு வந்தால், செருப்பையும் சைக்கிள் சக்கரத்தையும் அங்கேயே தட்டிச் சுத்தம் செய்யுங்கள்.

இந்த வாரம் உங்கள் தெருவில் உள்ள காலி மனையைத் தள்ளி நின்று பாருங்கள். எந்தெந்தச் செடி இருக்கிறது, அதைக் காற்று கொண்டு வந்ததா, ஆடு கொண்டு வந்ததா, லாரி கொண்டு வந்ததா என்று நோட்டில் எழுதி, உங்கள் அறிவியல் ஆசிரியரிடம் காட்டுங்கள். வந்த வழி தெரிந்தால்தானே அதை அடைக்க முடியும்?