பனிமலை மேல் பழி

தென்துருவத்தைச் சூழ்ந்து கிடக்கும் அண்டார்க்டிகாக் கண்டத்தின் ஓரத்தில் ராஸ் என்னும் தீவு உள்ளது. அத்தீவில் 3,794 மீட்டர் உயர்ந்து நிற்பது எரெபஸ் மலை. மேனியெங்கும் வெண்பனி, உச்சிக் குழியிலோ கொதிக்கும் தீக்குழம்பு! 1841-ஆம் ஆண்டில் இதனைக் கண்ட ஜேம்ஸ் கிளார்க் ராஸ் என்னும் கடலோடி, தம் கப்பலின் பெயரையே மலைக்கும் இட்டார். அப்பெயர் கிரேக்கர் கதைகளில் இருளைக் குறிப்பது. அதனாற்போலும், இம்மலையை உயிர்குடிக்கும் கொடுமலை எனக் கூறுவர் சிலர். அக்கூற்று சிறிதும் பொருந்தாது.

1908 மார்ச்சுத் திங்களில் ஷாக்கில்டன் குழுவைச் சேர்ந்த அறுவர் இதன்மீது ஏறினர். அவர்களுள் எட்ஜ்வொர்த் டேவிட் என்பார் ஐம்பது வயதுப் பேராசிரியர். பனிப்புயல் அவர்களை வழியிலேயே முடக்கிப் போட்டது. இளைஞர் ஒருவருடைய கால்விரல்கள் குளிரால் மரத்துப் போயின. எனினும் ஐவர் உச்சிக் குழியின் விளிம்பை அடைந்தனர்; அறுவரும் உயிருடன் மீண்டனர். மலை எங்கே நிற்கிறது என்பதை அவர்கள் அறிந்திருந்தார்கள்.

1979 நவம்பர் 28-ஆம் நாள், துருவக் காட்சிகளைக் காண நியூசிலாந்திலிருந்து விமானமொன்று புறப்பட்டது. அதில் இருந்தோர் 257 பேர். மேலே வெண்முகில், கீழே வெண்பனி; நிழலும் இல்லை, தொடுவானமும் இல்லை. இத்தகைய ஒளியில், எதிரே ஏறிச்செல்லும் சரிவும் சமவெளியாகவே தோன்றும். இருளில் காணாமற்போகும் மலையை யாவரும் அறிவர். வெளிச்சத்தில் காணாமற்போகும் மலையை அறிந்தவர் எத்துணைப் பேர்? விமானம் எரெபஸின் அடிச்சரிவில் மோதிற்று. ஒருவரும் பிழைத்திலர்.

விமானி தாழப் பறந்ததே குற்றம் என்றது 1980-இல் வெளிவந்த முதல் அறிக்கை. இறந்தவன் மறுமொழி சொல்ல வாரான் அன்றோ! ஆனால், 1981-இல் அரச விசாரணை ஆணையம் வேறொன்றை வெளிப்படுத்தியது. விமானத்தின் கணிப்பொறிக்கு உரிய பயணப்பாதை புறப்படுவதற்கு முன் மாற்றப்பட்டிருந்தது. அச்செய்தி விமானிகளுக்குச் சொல்லப்படவில்லை. கடற்பனியின்மேல் பறப்பதாக அவர்கள் எண்ணியிருக்க, புதிய பாதையோ நேரே மலையை நோக்கிச் சென்றது. முதற்காரணம் இதுவே என்றது ஆணையம். அம்முடிவைப் பற்றிய வழக்காடல் நெடுங்காலம் ஓயவில்லை; விமானியின் பொறுப்பை அடியோடு நீக்கலாகாது என்பாரும் உளர். எவ்வாறாயினும், சொல்ல வேண்டிய ஒரு சொல்லை மனிதர் சொல்லாமல் விட்டதற்கு மலை என்ன செய்யும்?

விமான நிறுவனம் அந்நாளில் அரசுக்கு உரியது. நாற்பது ஆண்டுகள் கழிந்து, 2019-இல், நியூசிலாந்து அரசு இறந்தோர் குடும்பத்தாரிடம் மன்னிப்புக் கேட்டது. பனி குறையும் காலங்களில், விமானத்தின் உடைந்த பகுதிகள் அச்சரிவில் இன்றும் வெளித்தெரிகின்றன.