சவுக்காரத்தில் காரம் உண்டு

ரசாயனம் கலவாத சோப்பு என்று ஒரு பொருள் உலகத்தில் கிடையாது. இருந்ததும் இல்லை, இருக்கப் போவதும் இல்லை. முயற்கொம்பு, ஆகாயத் தாமரை என்று நம் பெரியவர்கள் இல்லாத பொருள்களுக்கு ஒரு ஜாபிதா வைத்திருக்கிறார்கள் அல்லவா? அதன் கடைசியில் இதையும் எழுதிக்கொள்ளலாம்.

ஆனால் கண்காட்சிக்குக் கண்காட்சி, கடைக்குக் கடை, வாழைநாரில் கட்டி, பழுப்புக் காகிதத்தில் சுற்றி, இந்த ஆகாயத் தாமரையைத்தான் விற்கிறார்கள். விற்பதோடு நின்றால் நான் பேனாவை எடுத்திருக்க மாட்டேன். விளம்பரக்காரன் பொய் சொல்வது புதிதா என்ன? வாங்குகிறவர் தேய்த்துக் குளித்துவிட்டுப் போகிறார். உடம்பில் ஒன்றும் குறைந்துவிடப் போவதில்லை. எனக்குக் கோபம் எங்கே வருகிறது என்றால், இதே பொய்யை வீட்டில் சோப்புச் செய்யக் கற்றுக்கொடுக்கும் வகுப்புகளிலும் சொல்கிறார்களே, அங்கேதான். வாங்குகிறவருக்குச் சொன்னால் அது வெறும் பொய். முதல் முதலாகச் செய்ய உட்காருகிற பெண்ணுக்குச் சொன்னால் அது அபாயம்.

எண்ணெயும் காரமும் சேர்ந்தால்தான் சோப்பு. கெட்டியான சோப்புக்கு அந்தக் காரம் காஸ்டிக் சோடா. பழைய பாடப் புத்தகங்களில் எரிசோடா என்று அதற்கு ஒரு பெயர் உண்டு. நல்ல பெயர், எதையும் மறைக்காத பெயர். அதைத் தண்ணீரில் கரைத்து எண்ணெயில் ஊற்றிக் கிளறினால் இரண்டும் ஒன்றையொன்று தின்று தீர்த்து, சோப்பும் கிளிசரினுமாக மாறிவிடுகின்றன. அடுப்பில் வைத்துக் காய்ச்சாமல் இப்படிச் செய்வதைத்தான் குளிர்முறை என்கிறார்கள். கணக்குச் சரியாக இருந்தால் முடிவில் காரம் மிச்சம் இராது. ஆகவே, "இதில் காஸ்டிக் சோடா சேர்த்தோம், இப்போது அது இல்லை" என்று எழுதிச் சீட்டு ஒட்டலாம். அது உண்மை. அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. "சேர்க்கவே இல்லை" என்பதுதான் புளுகு.

நம் பாட்டிமார் சோப்பைச் சவுக்காரம் என்றார்கள். இலங்கையில் இன்றும் சவர்க்காரம்தான். பெயரிலேயே காரம் உட்கார்ந்திருக்கிறது, ஐயா! ஆங்கிலப் படிப்பு இல்லாத பாட்டிக்குத் தெரிந்திருந்த ரகசியத்தை, இரண்டு பட்டம் வாங்கிய பேத்தியிடமிருந்து மறைக்கிறோம்.

எனக்குத் தெரிந்த ஒரு வீட்டு மருமகள். பெயர் வேண்டாம். கெட்டிக்காரி, கணிதம் படித்தவள். ஒருநாள் வகுப்பு ஒன்றுக்குப் போய்விட்டு வந்து, சாமான்களைப் பரப்பிவைத்துக்கொண்டு உற்சாகமாக உட்கார்ந்திருந்தாள். வகுப்பிலேயே ஒரு பொட்டலம் கொடுத்திருந்தார்கள். சவ்வரிசி போல வெள்ளை வெளேரென்று மணி மணியாக இருந்தது.

"இது என்னம்மா?" என்று கேட்டேன்.

"லை, மாமா."

"லை என்றால்?"

"அதுதான் எண்ணெயைக் கெட்டியாக்குமாம். கெமிக்கல் எல்லாம் இல்லையாம்."

காஸ்டிக் சோடா என்ற பெயர் அவள் காதில் விழவே இல்லை. பொட்டலத்தின் மேல் அந்த வகுப்பின் பெயர் இருந்தது. ஒரு பூப்படம் இருந்தது. உள்ளே இருப்பதன் பெயர் மட்டும் இல்லை. நான் சொல்லவேண்டியதைச் சொன்னேன். கண்ணாடியும் கையுறையும் வாங்கும்வரை பொறு என்றேன். சரி, மாமா என்றாள். ஆனால் நான் போனது இரண்டாவது தடவைக்கு அவள் ஆயத்தம் செய்துகொண்டிருந்தபோது. முதல் தடவை என்ன நடந்தது என்பதை அவள் மாமியார் பிறகு சொன்னார்.

வகுப்பில் கொடுத்த செய்முறை தேங்காயெண்ணெய்க்கு. இவள் வீட்டில் நல்லெண்ணெய் நிறைய இருந்தது. நல்லெண்ணெய் உடம்புக்குக் குளிர்ச்சி என்று அதே அளவு அதை ஊற்றிவிட்டாள். காரம் என்பது ஏதோ மைதா மாவு போல, கெட்டியாக்க மட்டும் சேர்ப்பது என்று எண்ணுகிறவளுக்கு இதில் என்ன தப்புத் தெரியும்? சாம்பாரில் துவரம் பருப்புக்குப் பதில் பயற்றம் பருப்புப் போடுகிற மாதிரிதானே!

அப்படி இல்லை. 500 கிராம் தேங்காயெண்ணெய் முழுவதும் சோப்பாக வேண்டுமானால் ஏறக்குறைய 91 கிராம் காஸ்டிக் சோடா வேண்டும். பத்திரத்துக்காக நூற்றுக்கு 5 பங்கு குறைத்து, 87 கிராம் போடுவது வழக்கம். கொஞ்சம் எண்ணெய் மிஞ்சி நின்றால் தோலுக்கும் நல்லது. ஆனால் 500 கிராம் நல்லெண்ணெய் ஏற்றுக்கொள்வதோ 67 கிராம்தான். தேங்காயெண்ணெய்க்குக் கட்டிய பொட்டலத்தை நல்லெண்ணெயில் கொட்டினால் 20 கிராம் காரம் சேர ஆளில்லாமல் சோப்புக்குள் அப்படியே நிற்கும். நின்றது. இரண்டாம் நாள் அந்தக் கட்டியில் கை கழுவிய மாமியாருக்கு விரலெல்லாம் சிவந்து, வெடித்து, ஒரு வாரம் குழம்புச் சாதம் பிசைய முடியவில்லை. வகுப்புக்காரர்களைக் கேட்டதற்கு, "முதல் தடவை எல்லாருக்கும் இப்படித்தான், நிதானம் போதாது" என்றார்களாம். அந்தப் பெண் அதை நம்பிவிட்டாள்! தன் கைதான் ராசியில்லாத கை என்று இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தாள்.

அவளிடம் குற்றம் சொல்ல நான் மறுக்கிறேன். கணக்குத் தெரிந்தவளிடம் கணக்கு இருக்கிறது என்பதையே மறைத்தவர்கள்தான் குற்றவாளிகள்.

"எங்கள் முறையில் காஸ்டிக் கிடையாது, ஆயத்தக் கட்டியை உருக்கி அச்சில் ஊற்றுகிறோம்" என்று சொல்லும் இன்னொரு கூட்டமும் உண்டு. அந்த ஆயத்தக் கட்டி எங்கிருந்து வந்தது? எங்கோ ஒரு தொழிற்சாலையில் காரத்தோடுதான் அது பிறந்தது. இட்லி மாவைக் கடையில் வாங்கிக்கொண்டு, எங்கள் வீட்டு இட்லிக்கு உளுந்தே வேண்டாம் என்பது போன்ற பேச்சு. உருக்கி ஊற்றுவதில் தவறில்லை. குழந்தைகள் இருக்கும் வீட்டுக்கு அது நல்ல பொழுதுபோக்குக்கூட. பெருமைதான் பொருந்தவில்லை.

காஸ்டிக் என்றால் பெண்கள் பயந்துவிடுவார்கள் என்று இவர்கள் சொல்கிறார்கள். நன்றாய் இருக்கிறது! அப்பளக்காரம் இல்லாமல் அப்பளம் இட்டவர்களா நம் வீட்டுப் பெண்கள்? வெற்றிலைக்குச் சுண்ணாம்பு ஒரு பொட்டுக் கூடினால் வாய் வெந்துபோகும் என்று தெரிந்து, விரல் நுனியில் அளந்து தடவியவர்கள் அவர்கள். மஞ்சளில் சுண்ணாம்பைக் கலந்து ஆரத்தி கரைத்தபோதெல்லாம் காரத்தைத்தான் கையாண்டார்கள். மஞ்சள் காரத்தோடு சேர்ந்தால் சிவக்கும். அதே மஞ்சளைப் புதுச் சோப்புக் குழம்பில் தூவினாலும் ஆரத்தித் தட்டின் நிறம்தான் எட்டிப் பார்க்கும். இதைச் சொல்லிக் கொடுத்தால் எந்தப் பெண் பயப்படுவாள்? ஆனால் சுண்ணாம்புக்கும் காஸ்டிக் சோடாவுக்கும் பலத்தில் தூரம் அதிகம். வாயை வேகவைக்கிற சுண்ணாம்புக்கே அத்தனை எச்சரிக்கை இருந்ததே, கண்ணைக் குருடாக்கக்கூடிய பொருளுக்கு எத்தனை வேண்டும்!

இந்த வழக்கு நம் ஊரில் தோன்றியதல்ல. அமெரிக்காவில் ஒரு காலத்தில் வீட்டுக்கு வீடு சோப்புக் காய்ச்சினார்கள். தகர டப்பாவில் காஸ்டிக் சோடா சமையலறை அலமாரியிலேயே இருக்கும். பார்க்கச் சர்க்கரை மாதிரி இருக்கிற அதைக் குழந்தைகள் வாயில் போட்டுக்கொண்டன. உணவுக் குழாய் வெந்து, பிறகு தழும்பேறிச் சுருங்கி, ஒரு வாய்த் தண்ணீர்கூட இறங்காமல் வாடிய குழந்தைகளை ஷெவாலியர் ஜாக்சன் என்ற தொண்டை வைத்தியர் வருஷக்கணக்கில் பார்த்தார். குழாயை மெல்ல மெல்ல விரித்துப் பலரைப் பிழைக்க வைத்தார். ஆனால் வைத்தியம் செய்ததோடு அவர் ஓயவில்லை. இது விஷம் என்று டப்பாவின் மேல் எழுதினால் போதுமே, பாதிக் குழந்தைகள் என்னிடம் வரவேண்டிய அவசியமே இராதே என்று ஊர் ஊராகப் போய் வாதாடினார். தயாரிப்பாளர்கள் சுலபத்தில் இணங்கிவிடவில்லை. கடைசியில் 1927-ஆம் வருஷம் அமெரிக்கக் காங்கிரஸ் சட்டம் இயற்றியது. விஷம் என்ற சொல்லும், பட்டுவிட்டால் செய்யவேண்டிய சிகிச்சையும் பொட்டலத்தின் மேல் இருந்தாக வேண்டும் என்று அந்தச் சட்டம் சொல்லிற்று. ஒரு சீட்டு, அதில் இரண்டு வரி. அதற்காக ஒரு மனிதர் அத்தனை வருஷம் போராட வேண்டியிருந்தது.

நாமோ, நூறு வருஷம் ஆகப்போகிற வேளையில், அதே பொருளுக்குப் பூப்படம் ஒட்டி, பெயரை உரித்தெடுத்துவிட்டுக் கையில் கொடுக்கிறோம். மிச்சத்தை அந்த வீட்டில் எங்கே வைப்பார்கள்? பழைய ஊறுகாய் பாட்டிலில், ஜவ்வரிசி டப்பாவுக்குப் பக்கத்தில்.

முதல் தடவை செய்கிறவருக்குச் சொல்லவேண்டியது அதிகம் இல்லை. அரைமணி நேரப் பேச்சு. கண்ணை மூடும் கண்ணாடி, கையுறை, முழுக்கைச் சட்டை. கரண்டியால் அளக்காமல் கிராம் காட்டும் தராசில் நிறுக்க வேண்டும். எண்ணெயையும் நிறுக்க வேண்டும். எவர்சில்வர் பாத்திரம் ஆகும். அலுமினியம் ஆகவே ஆகாது. காரம் அதை அரித்து, தீப்பிடிக்கக்கூடிய வாயுவைக் கிளப்பும். ஜன்னலைத் திறந்து வை. குழந்தையையும் பூனையையும் வெளியே அனுப்பு. தண்ணீரை முதலில் ஊற்றிக்கொண்டு அதில் காரத்தைச் சிறிது சிறிதாகப் போடு. மாற்றிச் செய்தால், காரத்தின் மேல் விழுந்த முதல் தண்ணீர் அங்கேயே கொதித்து முகத்தில் தெறிக்கும். தெறித்துவிட்டால் குழாயைத் திறந்து ஓடுகிற தண்ணீரில் கால்மணி, இருபது நிமிஷம் கழுவு. கண்ணில் பட்டால் கழுவியபடியே வைத்தியரிடம் போக ஏற்பாடு செய். வினிகரோ எலுமிச்சம்பழமோ வேண்டாம். எண்ணெயை மாற்றினால் கணக்கையும் மாற்று. அவ்வளவுதான்! இதில் எது ஒரு பட்டதாரிப் பெண்ணுக்கு, ஏன், பத்தாவது படித்த பெண்ணுக்குப் புரியாது?

இந்தப் பொய்யால் இன்னொரு நஷ்டமும் இருக்கிறது. கதை எழுதுகிறவனுக்கு அது பெரிதாகத் தெரிகிறது. அடுப்பே இல்லாமல் பாத்திரம் சுடுகிற அதிசயத்தைப் பார்த்திருக்கிறீர்களா? பச்சைத் தண்ணீரில் அந்த வெள்ளை மணிகள் விழுந்ததும் நீர் பால்போல் கலங்குகிறது, ஆவி எழுகிறது, 80, 90 டிகிரிவரை சூடேறி, பிறகு மெல்லத் தெளிகிறது. ஆறியதும் எண்ணெயில் விட்டுக் கிளறக் கிளற, ஒட்டாத இரண்டும் ஒட்டத் தொடங்கி, தோசை மாவுப் பதம் வருகிறது. கரண்டியிலிருந்து ஒழுகும் இழை மேலே கோலம் போட்ட மாதிரி நிற்கிறது. கிராம்பு எண்ணெய் போன்றவற்றை வாசனைக்கு விட்டால், கோலம் போட அவகாசமே தராமல் கட்டிக்கொள்ளும். அச்சில் ஊற்றி ஒருநாள் மூடிவைத்தால் தன் சூட்டிலேயே வெந்து கெட்டியாகிறது. கெட்டியாக்கும் மாவு என்று சொல்லி வைத்தவர்கள் இந்த வேடிக்கையையும் அவளிடமிருந்து திருடிவிட்டார்கள். அவள் கண்ட ஆவி அவளுக்குப் பயமாகத்தான் இருந்ததாம். ஏன் வருகிறது என்று தெரியாததால்.

பச்சிலை விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன், சண்டைக்கு வந்த பிறகு பாதியில் விடுவானேன்? வேப்பிலைப் பொடி, துளசிப் பொடி போட்டுப் பச்சை நிறம் எதிர்பார்க்கிறார்கள். காரம் அந்தப் பச்சையைச் சில வாரங்களில் பழுப்பாக்கிவிடும். பளிச்சென்று பச்சையாகவே இருக்கிற மூலிகைச் சோப்பைக் கண்டால், எந்த டப்பாவிலிருந்து வந்த சாயம் என்று கேட்டுப் பாருங்கள்.

காரமே வேண்டாம் என்று பிடிவாதமாக இருக்கிறவர்களை நான் பரிகசிக்கவில்லை. அவர்களுக்குச் சோப்பு எதற்கு? சீயக்காயும் பூந்திக்கொட்டையும் எந்த எரிசோடாவும் இல்லாமல் நுரைக்கின்றன. பயற்றமாவு இருக்கிறது. நேர்மையான பொருள்கள். சோப்பும் வேண்டும், அதில் காரமும் இருக்கக்கூடாது என்றால்தான் பொய் சொல்கிறவன் கடை திறக்கிறான்.

அந்த வகுப்பை நடத்துகிறவர்களுக்கு இதையெல்லாம் விவரமாக எழுதினேன். மரியாதையான பதில் ஒன்று வந்தது. காஸ்டிக் என்று முதலிலேயே சொன்னால் பாதிப் பேர் சேரமாட்டார்கள் என்றும், சோப்பை வெட்டி நாலு வாரம் காற்றாட உலர்த்த வேண்டும் என்றால் மீதியிலும் பாதி போய்விடுவார்கள் என்றும் எழுதியிருந்தார்கள். வருகிற கால்வாசிப் பேருக்கு ஒழுங்காகச் சொல்லிக்கொடுங்கள், சம்பளத்தை வேண்டுமானால் உயர்த்திக்கொள்ளுங்கள். பொட்டலத்தின் மேல் ஒட்டும் சீட்டை மட்டும் அடுத்த வகுப்புக்கு முன்னால் மாற்றி அச்சடித்துவிடுங்கள் என்று திரும்ப எழுதினேன். அதற்குப் பதில் வரவில்லை.