கொலையாளியின் நுழைவுத் தேர்வு

மேசையைச் சுற்றி அமர்ந்து பலர் கூடிக் கதை புனையும் ஆட்டம் 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்'. அமெரிக்காவில் 1974-இல் பிறந்தது. 2000-இல் வந்த மூன்றாம் பதிப்பு, தேர்ச்சி பெற்ற பாத்திரங்களுக்கென 'பிரெஸ்டீஜ் கிளாஸ்' என்னும் சிறப்பு வகுப்புகளைச் சேர்த்தது. ஆட்டத்தை நடத்தும் டன்ஜன் மாஸ்டர் விரும்பினால் மட்டுமே அவற்றுக்கு இடமுண்டு.

அவற்றுள் கொலையாளி வகுப்பை நோக்குவோம். ஒளிவதில் 8 புள்ளி, ஓசையின்றி நகர்வதில் 8, மாறுவேடத்தில் 4. இவை கணக்குப்பிள்ளையின் வேலை. அக்கூட்டத்தில் சேர்வதற்காக மட்டுமே ஓர் உயிரைக் கொன்றிருக்க வேண்டும் என்றும் ஒரு நிபந்தனை உண்டே, நம்மை உலுக்குவது அதுதான்! பின்வந்த துணைநூல்களில் இவ்வகுப்புகள் மலிந்தன. ஆடுவோர் பலரும் ஆற்றல்களைச் சந்தைக் காய்போலப் பொறுக்கலாயினர். எண்களை எவரும் தளர்த்திக்கொள்ளட்டும். கொல்லப்பட்டவன் யார், ஏவியவர் எவர் என்பதையேனும் அந்தந்த மேசை தானே எழுதிக்கொள்ள வேண்டாமா?