போலவரம்: பட்டா அவருக்கு, புளிய மரம் அவளுக்கு. இழப்பீடு யாருக்கு?

நீங்கள் சூளூர்பேட்டை பக்கம் வளர்ந்தவர் என்றால், ஸ்ரீஹரிகோட்டாவில் ராக்கெட் ஏவுதளம் வந்தபோது அந்தத் தீவுக் காட்டை நம்பியிருந்த யானாதிகள் வெளியேற்றப்பட்ட கதை காதில் விழுந்திருக்கும். அதைவிடப் பல மடங்கு பெரிய வெளியேற்றம் இப்போது அதே ஆந்திராவின் வடக்கே, கோதாவரிக் கரையில் நடக்கிறது.

போலவரம் அணை 2014-ல் தேசியத் திட்டமானது. பாசனத்தோடு 960 மெகாவாட் நீர்மின்சாரமும் இலக்கு. தண்ணீர் முழு மட்டமான 45.72 மீட்டருக்கு ஏறினால் ஏறத்தாழ ஒரு லட்சம் குடும்பங்கள் இடம்பெயர வேண்டும். கோயா, கொண்டரெட்டி பழங்குடிகள் அதில் பெரும் பங்கு.

சிக்கல் அந்தக் ‘குடும்பம்’ என்ற சொல்லில்தான். நில பட்டா பெரும்பாலும் கணவர் பெயரில் இருக்கும். மனைவியின் வருமானம் காட்டிலிருந்து வருவது: புளி, இலுப்பைப் பூ, பீடி இலை. வாரச் சந்தையிலோ கிரிஜன் கூட்டுறவுக் கழகத்திலோ விற்ற காசு நேராக அவள் கைக்கு வரும். உப்பு, எண்ணெய், பிள்ளைக்கு மருந்து எல்லாம் அதில்தான். காடு மூழ்கினால் பட்டாவுக்குப் பணம் அவர் கணக்கில் ஏறும். புளிய மரத்துக்கு ஏது பட்டா?

சட்டம் இதை மறந்துவிட்டது என்று சொல்ல முடியாது. 2013 நிலம் கையகப்படுத்தல் சட்டம் வனப்பொருள் சேகரிப்போரையும் பாதிக்கப்பட்டோராக ஏற்கிறது. ஆனால் மூன்று வருஷமாக அதுவே முக்கிய வாழ்வாதாரமாக இருந்திருக்க வேண்டும். சந்தையில் வித்த புளிக்கு யாருங்க ரசீது வெச்சிருப்பாங்க?

ஒரு முன்னேற்றம் உண்மைதான். நர்மதை நடுவர் மன்றத்தின் 1979 தீர்ப்பு வயதுவந்த மகன்களை மட்டுமே தனிக் குடும்பமாகக் கணக்கிட்டது, மகள்களை விட்டுவிட்டது. 2013 சட்டத்தில் வயதுவந்த பெண்ணும் தனிக் குடும்பம், கைம்பெண்ணும் அப்படியே.

திருமணமான பெண்ணுக்குத்தான் ஓட்டை. 2006 வன உரிமைச் சட்டப்படி பட்டா கணவன், மனைவி இருவர் பெயரிலும் இருந்தே ஆக வேண்டும். மறுவாழ்வு மனைக்கோ வீட்டுக்கோ 2013 சட்டம் சொல்வது, கூட்டுப் பெயரில் ‘இருக்கலாம்’ என்று மட்டும்தான்.

இப்போதைக்கு 41.15 மீட்டர் வரைதான் முதல் கட்டம். அதற்கு மேலே உள்ள ஊர்களின் மறுவாழ்வு இனிமேல்தான். அங்கே அந்த ‘இருக்கலாம்’ என்பதை ‘இருக்க வேண்டும்’ ஆக்க புதுச் சட்டம் தேவையில்லை, மாநில அரசின் ஓர் உத்தரவு போதும்.